பூனை மேசைக்கு அடியில் தூங்கியது

முரளி ஏன் பசியாறவில்லை?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. முரளி எங்கள் உறவுக்காரப் பையன் இல்லை. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் வாசிப்புச் சோதனைத் தாளில் சில வரிகளில் வந்து போனவன். ஒரு மழைநாள் காலையில் எதுவும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போய்விட்டான். போனவன் என் மானத்தையும் புத்தகப் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

நான் படித்தவள்தான். (இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வருவதைப் படித்தபிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.) செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஷாம்பூ போத்தல் மூடிகள் வரிசையாக வந்து விழும். ஒரு மூடியைப் போலவே அடுத்த மூடியும் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எல்லாம் ஒன்றுபோல இருந்தால் அன்று நிம்மதியாகச் சாப்பிடுவேன். ஒன்று மாறியிருந்தாலும் தலைவலி வரும்.

என் கணவர் சரவணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அதனால் எங்கள் ஒரே மகள் கிருத்திகாஷினியின் படிப்பு முழுக்க என் பொறுப்பு. பெயர் நீளம் என்பதால் எல்லாருக்கும் அவள் ஷினி. எனக்கு ஷினி அம்மா என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் வீடு காட்டத் தெரியாது.

ஷினி இரண்டாம் ஆண்டில் இருந்தபோது பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்தது. மாவட்டம் முழுவதும் ஒரே நாளில், ஒரே தாளில், வாசிப்புப் புரிதலுக்கான சோதனை. பிள்ளைகளை மூன்று நிலைகளாகப் பிரிப்பார்கள். கடைசியான நிலை ஒன்று என்று வந்தால், பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்பு.

எங்கள் பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு என்பது சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்தில் உள்ள கடைசி அறை. நாசி லெமாக் வாங்கப் போகிற எல்லாரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். யார் பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணாடிச் சன்னல் வழியாகத் தெரியும். என் மகளை அந்தச் சன்னலுக்குள் ஒருமுறை பார்த்தால் போதும். அவளுக்குப் படிப்பு வராது என்று ஊரே முடிவு கட்டிவிடும். அப்புறம் அவளே அதை நம்பிவிடுவாள். அதற்கப்புறம் என்ன என்று யோசித்து யோசித்து, அந்த வாரம் நானே ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஷினிக்கு வாசிக்கத் தெரியாதா என்றால், அப்படி இல்லை. செய்தி வாசிப்பவர் மாதிரி வாசிப்பாள். கேள்வி கேட்கும்போதுதான் சிக்கல். கடைத்தெருவில் பயிற்சிப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து அன்று மாலையே உட்கார வைத்தேன்.

“மாலா தடுக்கி விழுந்தாள். மாலா அழுதாள்” என்று கணீரென்று வாசித்தாள்.

“மாலா ஏன் அழுதாள்?”

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். “அவங்க அம்மா பார்த்துட்டாங்க போல.”

“என்னது?”

“விழுந்தா யாரும் அழ மாட்டாங்க மா. அம்மா பார்த்தாதான் அழுகை வரும்.”

புத்தகத்தின் பின்பக்க விடையில் அப்படி இல்லை. அடுத்தது. ரவிக்குக் காய்ச்சல். ரவி பள்ளிக்குச் செல்லவில்லை. ரவி ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை?

“அன்னிக்கு சொல்வதெழுதுதல் இருந்துச்சா மா?”

பக்கத்தைத் திருப்பினேன். எல்லாக் கேள்விக்கும் பின்பக்கத்தில் ஒரு விடை இருந்தது. என் மகளிடம் வேறொன்று இருந்தது. தொழிற்சாலையாக இருந்தால் பழுதானவற்றுக்கான சிவப்புப் பெட்டியில் போட்டிருப்பேன்.

பிள்ளை தூங்கியதும் புத்தகங்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்து ஆராய்ந்தேன். அப்போதுதான் அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ‘ஏன்’ என்று கேட்டால், கேள்வியில் உள்ள வரியைக் கதையில் தேட வேண்டும். அதற்கு முந்தின வரிதான் விடை! முன்னால் ‘ஏனென்றால்’ என்று சேர்த்து, ஒரு கமா போட்டால் முடிந்தது. மாலா சரியாக வந்தது. ரவி சரியாக வந்தது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் சரியாக வந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஏதோ மருந்து கண்டுபிடித்தவள் மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் வேலை முடிந்து வந்த கணவரிடம் விளக்கினேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

“இந்த டெஸ்ட் எதுக்கு வைக்கறாங்க?”

“பிள்ளைக்குப் புரியுதான்னு பார்க்க.”

“அப்ப பார்க்கட்டுமே லா.”

“பார்த்து, புரியலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுட்டா?”

ஹெல்மெட்டைக் கழற்றினார். நனைந்த மழை அங்கியைக் காயப்போட வெளியே போய்விட்டார். அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

ஷினிக்கு என் முறை இரண்டே நாளில் படிந்துவிட்டது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு குடைச்சல். நம் பிள்ளைக்கு மட்டும் தெரிந்து மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனால் அது நியாயமா? (நான் எப்போதும் இப்படித்தான். கடையில் வரிசையில் நிற்கும்போதுகூடப் பின்னால் இருப்பவருக்கு அவசரமோ என்று யோசிப்பேன்.) வேலை முடிந்து வரும் வழியில், ஸ்கூடாய் நெரிசலில் வண்டி அசையாமல் நின்றபோது, ஷினி வகுப்பின் ‘2 முல்லை பெற்றோர்’ என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். (தொலைபேசியைக் கையில் பிடிக்கவில்லை, ஸ்டாண்டில் இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்.)

பதிலுக்குக் கைகூப்பும் படங்கள் குவிந்தன. தர்வின் என்ற பையனின் அம்மா, “சூப்பர் லா ஷினி அம்மா, நீங்க டியூஷன் எடுக்கலாம்” என்று எழுதினார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

சோதனை முடிந்து வந்த ஷினியிடம் கேட்டேன்.

“எப்படி இருந்துச்சு?”

“ஈசி மா. நீங்க சொன்ன மாரியே எழுதிட்டேன்.”

“கதை எதைப் பத்தி?”

“கதையா?” என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் எல்லாப் பெற்றோரும் சனிக்கிழமை காலை பள்ளிக்கு வர வேண்டும் என்று தகவல் வந்தது. பாராட்டுவார்கள் என்று நினைத்து நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கணவரும் வந்திருந்தார், பழக்கம்போல கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில்.

முன்னால் தலைமையாசிரியர் இருந்தார். பக்கத்தில் மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு அம்மையார். அவருக்குப் பக்கத்தில் வகுப்பாசிரியர் கோமதி டீச்சர். டீச்சருக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அழுதுவிட்டு வந்தவர் மாதிரி முகம் வீங்கியிருந்தது. பாராட்டு விழா மாதிரித் தெரியவில்லை.

அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். “முல்லை வகுப்புல எல்லாப் பிள்ளைங்களும் ஒரு கேள்விக்கு ஒரே பதிலை எழுதியிருக்காங்க. சரியான பதிலா இருந்தாக்கூட ஆச்சரியமா இருக்கும். இது தப்பான பதில். தப்பான பதில எல்லாரும் ஒரே மாரி எழுதணும்னா, யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும். அறையில இருந்தது கோமதி டீச்சர் மட்டும்தான்.”

கோமதி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஷினிக்கு ஷூ கயிறு கட்டிவிடுகிற டீச்சர் அவர். எழுந்து நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே எழுந்தேன்.

“நான் தரக் கட்டுப்பாட்டுல வேலை செய்யறேன்” என்று தொடங்கினேன். “எங்க ஃபேக்டரில ஒரு மூடியில பழுது இருந்தா அது அந்த மூடியோட பிரச்சினை. எல்லா மூடியிலயும் ஒரே பழுது இருந்தா, பழுது மூடியில இல்ல, அச்சுல. ஆனா எந்த அச்சுன்னு தெரியாம யாரையும் குத்தம் சொல்லக்கூடாது. அந்த அச்சு எங்க இருக்குன்னு நாம கண்டுபிடிச்சே ஆகணும். விடக்கூடாது!”

நான்கைந்து பேர் கை தட்டினார்கள். கணவர் மட்டும் கடைசி வரிசையிலிருந்து உட்காரு, உட்காரு என்று கையைக் காட்டினார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

“ரொம்ப நல்லா சொன்னீங்க” என்றார் அதிகாரி. “அப்ப அந்தக் கதையைப் படிக்கறேன். எல்லாரும் கேளுங்க.”

படித்தார். எனக்கு இப்போது அது மனப்பாடம்.

‘காலையில் மழை பெய்தது. முரளியின் அப்பா மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினார். அவருடைய மழை அங்கி கதவுக்குப் பின்னால் தொங்கியது. முரளி வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேசையில் தோசை ஆறியது. பூனை மேசைக்கு அடியில் தூங்கியது. முரளி பசியாறாமல் பள்ளிக்குப் போனான்.’

“கேள்வி, முரளி ஏன் பசியாறவில்லை? இதுக்கு முல்லை வகுப்பு மொத்தமும் எழுதின பதில்...” அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “‘ஏனென்றால், பூனை மேசைக்கு அடியில் தூங்கியது.’”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. ‘ஏனென்றால்’ என்ற இடத்திலேயே அது என் முறை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் நிறுத்திப் படித்தார் பாருங்கள், அது என் கமா.

மெதுவாக உட்கார முயன்றேன். பாதி உட்கார்ந்திருப்பேன்.

“அலமாக்!” என்று பின்னாலிருந்து தர்வின் அம்மாவின் குரல். “இது நம்ம ஷினி அம்மா சொன்னதுலா! நான் தர்வினுக்கு டெய்லி போட்டுக் காட்டினேனே, அந்த வாய்ஸ்!”

தர்வின் அம்மா கெட்டவர் இல்லை. கோமதி டீச்சரைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் தொலைபேசியை எடுத்தார். ஒலியை உச்சத்தில் வைத்தார். அதற்கப்புறம் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. என் குரலே பேசியது.

‘எல்லாருக்கும் வணக்கம், நான் ஷினி அம்மா பேசறேன். ஏன்னு கேட்டா பயப்படாதீங்க. கேள்வியில உள்ள வரியைக் கதையில தேடுங்க. அதுக்கு முந்தின வரிதான் ஆன்சர். முன்னாடி ஏனென்றால் போடுங்க, ஒரு கமா போடுங்க, முடிஞ்சது. பிள்ளைக்குக் கதை புரியணும்னு அவசியமே இல்ல. நேரம்தான் வேஸ்ட்டு. டேய் லோரி! லைட் போடாமயா உள்ள வர்ற! கண்ணு தெரியலையா ஒனக்கு! சரி பேரன்ட்ஸ், நன்றி, வணக்கம்.’

தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். அதிகாரி தாளால் வாயை மறைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்கு நன்றாகவே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “நீங்கதானே அச்சைக் கண்டுபிடிக்கணும்னு சொன்னது?”

“ஆமா, புவான்.”

“கண்டுபிடிச்சிட்டோம். உட்காருங்க.”

கூட்டம் முடிந்ததும் கோமதி டீச்சரிடம் போய் நின்றேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அவரே தொடங்கினார்.

“பரவால்ல ஷினி அம்மா. ஒரு வருசமா நானும் சொல்லிக் குடுக்கறேன், ஒரு பிள்ளையும் கமா போடல. இந்த வாட்டி எல்லாரும் போட்டிருந்தாங்க.”

அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்வதா, வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வகுப்பின் தாள்கள் ரத்தாகின. அதே அதிகாரி மறுபடியும் வந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக நூலகத்தில் உட்கார வைத்து, வாய்மொழியாகக் கேட்டார். என்னிடமிருந்து எந்த உதவியும் போகக்கூடாது என்று கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று வேலையில் நல்ல மூடிகளை எல்லாம் சிவப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாலையில் ஷினி சாவகாசமாக மைலோ குடித்துக்கொண்டே சொன்னாள். “அந்த ஆண்ட்டி மறுபடியும் முரளி கதைதான் கேட்டாங்க. பூனைன்னு சொல்லல மா. சொன்னா சிரிப்பாங்க.”

“அப்புறம் என்ன சொன்னே?”

“முரளிகிட்ட கேட்டாதான் தெரியும்னு சொன்னேன்.”

கண்ணை மூடிக்கொண்டேன். “அதுக்கு அவங்க?”

“முரளி இங்க இருந்தா என்ன கேப்பேன்னு கேட்டாங்க. மீ கோரேங் வேணுமான்னு கேப்பேன்னேன்.”

முடிவு வந்தது. நிலை ஒன்று. கடைசி அறை.

முதல் நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். நாசி லெமாக் வாங்குகிறவள் மாதிரி அந்தச் சன்னலைக் கடந்தேன். பிறகு திரும்பி வந்தேன். பிறகு மறுபடியும் கடந்தேன். கடைக்கார அக்கா, “ஷினி அம்மா, எத்தன பொட்டலம்தான் வாங்குவீங்க?” என்று கேட்டுவிட்டார்.

உள்ளே ஏர்கோன் ஓடியது. தரையில் கம்பளம். கையில் மாட்டுகிற துணிப் பொம்மைகளோடு நான்கைந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் ஒரு படத்தின் பாதியை மறைத்து வைத்துக்கொண்டு, மறைந்திருப்பது என்னவாக இருக்கும் என்று கேட்டார். என் மகள் கையை உயர்த்திக்கொண்டு துள்ளினாள். முல்லை வகுப்பில் அவள் கையை உயர்த்தியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அப்போதிருந்து வீட்டில் கேள்வி கேட்பது அவள்தான். எந்தக் கதையைப் படித்தாலும் என்னை நிறுத்தி வைத்துக் கேட்பாள். என் குரல் பதிவையும் எப்படியோ கேட்டிருக்கிறாள். “அந்த லோரி அங்கிள் எங்க போய்ட்டிருந்தாரு மா? ஏன் அவ்வளவு அவசரம்?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. திட்டினேனே தவிர, அதை நான் யோசித்திருக்கவில்லை.

பூனை மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. கணவர் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் மாட்டித் தாமதமாக வருவார். ஏன் லேட்டு என்று கேட்டால், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, “ஏனென்றால்” என்பார், ஒரு கமா அளவுக்கு நிறுத்துவார், “பூனை மேசைக்கு அடியில் தூங்கியது” என்பார். தீபாவளிக்குக் கூலாயில் மாமியார் வீட்டுக்குப் போனால், குழம்பில் உப்பு ஏன் கூடிவிட்டது என்பதற்கும் அதே பூனைதான். பெற்றோர் குழுவில் பள்ளிப் பேருந்து ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், தர்வின் அம்மா தூங்குகிற பூனைப் படம் ஒன்றைப் போடுவார். கீழே எல்லாரும் சிரிக்கிற முகம் போடுவார்கள். நானும் போடுவேன். போடாவிட்டால் கோபம் என்று நினைத்துக்கொள்வார்களே.

முரளி விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. கணவர் அதைக் கேட்ட உடனே சொன்னார்: “அப்பன் மழையில நனைஞ்சுட்டுப் போறான். பையனுக்கு எப்படி எறங்கும்?” அதுதான் சரியாக இருக்கும். தினமும் மோட்டார் சைக்கிளில் போகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு வேறொன்று உறுத்துகிறது. கதையில் முரளியின் அம்மா எங்கே? தோசை சுட்டது யார்? வீட்டில் இருந்திருந்தால் பிள்ளையை வெறும் வயிற்றோடு விட்டிருப்பாளா? காலை ஷிப்டுக்குப் போய்விட்டாளா? யோசித்தால் சோதனைத் தாளை மூடவே முடியவில்லை.

இப்போது புதிதாக ஒன்று. அடுத்த மாதம் மறுபடியும் அதே மாதிரி சோதனை. தேறினால் ஷினி முல்லை வகுப்புக்குத் திரும்பிவிடுவாள். நேற்று மாலை அவள் என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டாள்.

“மா, இந்த வாட்டி உங்க பூனை வழியிலயே எழுதட்டா? அப்ப கடைசி ரூம்லயே இருக்கலாம்ல?”

“ஏன், சரியான பதில் தெரியாதா?”

“தெரியும். அத எழுதினா முல்லைக்கு அனுப்பிருவாங்க. அங்க ஏர்கோனும் இல்ல, பொம்மையும் இல்ல.”

அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரியான விடை எது என்று தெரிந்து, அதை எழுதினால் என்ன நடக்கும் என்றும் தெரிந்து, வேண்டுமென்றே தவறான விடையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த பிள்ளையை எந்த நிலையில் வைப்பது? தாளில் மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. சரியாக எழுது என்று சொன்னால், அவள் கை உயர்த்துகிற ஒரே அறையிலிருந்து நானே அவளை வெளியேற்றுகிறேன். உன் இஷ்டம் என்று சொன்னால், பொய்யாக எழுத ஓர் அம்மாவே அனுமதி கொடுத்தது போலாகும். கோமதி டீச்சரிடம் கேட்கலாம் என்றால், அவருடைய வகுப்பு வாசலில் நுழையவே கால் கூசுகிறது.

பிள்ளை வளர்த்தவர்கள், பாடம் நடத்தியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். முரளி ஏன் பசியாறவில்லை என்று தெரிந்தாலும் சேர்த்தே எழுதுங்கள்.

குரல் பதிவு மட்டும் அனுப்ப வேண்டாம்.